கிள்ளைக்கு ஒரு பலாப்பழம்

"சாவுக்கும் வரல, காரியத்துக்கும் வரல. உயிரோட இருக்கிற ரெண்டு பேரையாவது வந்து பார்த்துட்டுப் போடா. பலாப்பழ சீசன் முடியறதுக்குள்ள வா."

போனில் இப்படிச் சொன்னவன் பண்ருட்டி. அது ஊர்ப் பெயர்தான். ஆனால், 1986-ல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியில் சேர்ந்த நாளிலிருந்து எங்களுக்கு அவன் பெயரே அதுதான். கடலூர் முதுநகரிலிருந்து வந்தவன் 'முது'. நான் 'மதுரை'. நாலாவது ஆள், பிச்சாவரம் காட்டை ஒட்டிய கிள்ளையிலிருந்து வந்த 'கிள்ளை'. அவன் விடுதி மாணவனே இல்லை. தினமும் வீட்டுக்குப் போய் வருகிறவன். ஆனால், ரயிலை விட்டுவிட்டதாகச் சொல்லி வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் அறையில்தான் படுத்திருப்பான். வாடகையாக, பழைய பிஸ்கட் டப்பாவில் காய்ந்த இறால் கொண்டுவருவான். அந்த டப்பாவைத் திறந்தால் வராந்தாவின் கடைசி அறை வரை வாசம் போகும். வார்டன் வந்து, "யார் ரூம்ல கருவாடு?" என்று கத்துவார். நாலு பேரும் ஒரே குரலில், "எங்களுக்குத் தெரியாது சார்" என்போம்.

அந்தக் கிள்ளை போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டான். அன்று என் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். போன் பண்ணி அழுதேன். அதோடு சரி.

உண்மையைச் சொல்வதென்றால், கடலூர் மாவட்டத்துக்கு நான் எப்போதுமே போனிலேயே துக்கம் விசாரித்தவன். 2004 சுனாமிக்கு ஒரு போன். 2011 தானே புயலுக்கு ஒரு போன். 2015 வெள்ளத்துக்கு ஒரு போன். ஒவ்வொரு தடவையும், "அடுத்த மாசம் வர்றேன்டா" என்று சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

ஆனி பிறந்த முதல் வாரம், எழும்பூரில் காலை ரயில் ஏறினேன். விழுப்புரம் தாண்டி பண்ருட்டி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், கிள்ளை, சிதம்பரம் என்று எங்கள் நாலு பேர் கதையும் ஒரே தண்டவாளத்தில்தான் இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் அது மீட்டர் கேஜ். 2010-ல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். ரயில் வேகமாகத்தான் போகிறது. கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்த கரும்பு மட்டும் இப்போது கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் எனக்குத் தோன்றியது.

பண்ருட்டி ஸ்டேஷனில் இறங்கியதும் முதலில் வந்து சேர்ந்தது வாசனை, அப்புறம்தான் நண்பன். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே சிரிப்பு. கட்டிப்பிடிக்கவெல்லாம் இல்லை. என் பையைப் பிடுங்கிக்கொண்டு, "தொப்பையைப் பாரு" என்றான். அவ்வளவுதான் வரவேற்பு.

காடாம்புலியூர் போகும் சாலையில் இரண்டு பக்கமும் பலாப்பழக் குவியல். கும்பகோணம், தஞ்சாவூர் போகிற கார்கள் எல்லாம் அங்கே ஒரு நிமிடம் நிற்கின்றன. வாங்கத் தெரியாதவர்கள் பழத்தின் அளவைப் பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். காய் 'டங்டங்' என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும். பழம் 'தொப்தொப்' என்று மந்தமாகப் பேசும். முள் அகன்று, லேசாக அமுங்கினால் நாளைக்கு அறுக்கலாம். இதெல்லாம் பண்ருட்டி எனக்கு 1987-லேயே சொல்லிக்கொடுத்தது. தட்டிப் பார்த்து ஒன்றைக் காட்டினேன். "காய்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

அவன் தோப்பு செம்மண் நிலம். மழை பெய்தால் ரத்தம்போல ஓடும். அந்தக் காலத்தில் விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறோம். முந்திரி மரங்கள் கிளையைத் தரையில் ஊன்றி, குடை விரித்ததுபோல் கிடக்கும். உள்ளே புகுந்தால் மத்தியானமே சாயங்காலம்போல இருக்கும். நடுவில் அவன் பாட்டனார் வைத்த பலா ஒன்று. நாங்கள் நாலு பேர் கைகோத்தால்தான் அடிமரத்தைச் சுற்றிப் பிடிக்க முடியும்.

இப்போதும் தோப்பு இருந்தது. முந்திரி, ஓரத்தில் பலா, அதே செம்மண். "அப்படியே இருக்கேடா" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

"எதுடா அப்படியே இருக்கு? இதுல ஒரு மரம்கூட நீ பார்த்தது கிடையாது."

2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது தானே. மணிக்கு 140 கிலோமீட்டர் வரை காற்று. விடிந்து பார்த்தபோது தோப்பே தரையில் படுத்திருந்ததாம். முந்திரிக்குக் கனமான தலை. காற்று அதைப் பிடித்துத் திருகினால் வேரோடு வந்துவிடும். பாட்டனார் பலா பிளந்து விழுந்து, கிணற்று மேட்டை உடைத்திருந்தது. இந்தச் சுற்று வட்டாரம் முழுக்க இதே கதைதான்.

"மறுநாளே மரவியாபாரி வந்துட்டான். எல்லாருக்கும் ஒரே நேரத்துல மரம் விழுந்தா என்ன விலை கிடைக்கும்? வீணை செய்யற பலாமரம், விறகு விலைக்குப் போச்சு. சொந்தக்காரங்க மூணாம் நாள் வந்தாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். "கிள்ளை அன்னிக்கே வந்தான். ரோடு முழுக்க மரம் கிடக்கு, பஸ் இல்ல. பாதி தூரம் நடந்து வந்திருக்கான். கையில தூக்குவாளி. நண்டுக் குழம்பு. அடுப்பு பத்தவைக்கக்கூட இடம் இருந்திருக்காதுன்னு கொண்டுட்டு வந்தேன்னான்."

நான் எதுவும் கேட்கவில்லை. அவனே சொன்னான்: "டவர் வந்ததும் நீ போன் பண்ண. அதெல்லாம் ஞாபகம் இருக்குடா."

அதில் குத்தல் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வயதானவர்கள் பலர் அப்போது நிலத்தை விற்றுவிட்டு நகர்ந்துவிட்டார்கள். இவன் விற்கவில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ-3 முந்திரி ஒட்டுக்கன்றுகளை வைத்தான். அது மூன்றாம் வருஷத்திலிருந்தே காய்க்கத் தொடங்கும். பலாவுக்கு அந்த அவசரமெல்லாம் கிடையாது. பாலூர் ஒட்டுக்கன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருஷம் காத்திருக்க வேண்டும். முதல் இரண்டு கோடைக்கும் மாட்டு வண்டியில் பீப்பாய் வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான், ஒவ்வொரு கன்றுக்கும்.

இங்கே ஒரு பழைய கொடுக்கல் வாங்கலைச் சொல்ல வேண்டும். படிப்பு முடிந்ததிலிருந்து ஒவ்வோர் ஆனி மாதமும் பண்ருட்டி, கிள்ளைக்கு ஒரு பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுப்பான். திரும்பும்போது கிள்ளை நண்டும் காய்ந்த இறாலும் கட்டிக் கொடுப்பான். தோப்பு விழுந்த பிறகு ஆறு வருஷம் இவனிடம் கொடுக்கப் பழம் இல்லை. கடையில் வாங்கிக் கொண்டுபோக மனசும் இல்லை. ஆனால், ஆறு வருஷமும் ஆனி மாதம் கிள்ளையே நண்டோடு இங்கே வந்துவிட்டானாம். ஏழாவது வருஷம் முதல் பழம் காய்த்தபோது அது நேராகக் கிள்ளைக்குத்தான் போனது.

"இந்த வருஷப் பழம் பறிச்சு வெச்சிருக்கேன். தனியா எடுத்துட்டுப் போகக் கால் வரல. அதான் உன்னைக் கூப்பிட்டேன்" என்றான்.

சாக்கில் கட்டிய பழம். பதினைந்து கிலோ இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு மத்தியானம் பாசஞ்சரில் ஏறினோம். நெல்லிக்குப்பம் வரை நின்றுகொண்டுதான் போனோம். உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தார். எங்களுக்கு இல்லை, பழத்துக்கு.

கடலூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கே இரண்டு பெயர் கேள்விப்படுவீர்கள். புதுநகரில் இருப்பது திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் கோயிலின் தலமரமான பாதிரி அந்தப் பெயரில் இருக்கிறது. முதுநகரில் இருப்பது கடலூர் துறைமுகம் சந்திப்பு. வெளியூர்க்காரர்கள் ஒன்றில் இறங்க வேண்டியதற்கு மற்றொன்றில் இறங்கி ஆட்டோவுக்குக் காசு அழுவது இன்றும் நடக்கிறது. முது, வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். திருப்பாதிரிப்புலியூரில் எங்களுக்காக நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. எங்கள் கூட்டத்தில் அவன்தான் எப்போதும் முதலில் அழுகிறவன்.

சாயங்காலம் தேவனாம்பட்டினம். வெள்ளிக் கடற்கரை என்ற பெயருக்குக் குறைவில்லாத மணல். பக்கத்தில் செயின்ட் டேவிட் கோட்டை. கோட்டை என்று சொல்லிக்கொள்ள இடிபாடு கொஞ்சம்தான். 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய இடம். விலை பேசும்போது, கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரத்துக் கிராமங்களும் சேர்த்தி என்று ஒப்பந்தம். இருந்ததிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டிருப்பார்கள், சந்தேகமென்ன! அப்படிக் கிடைத்த ஊர்களுக்கு 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது, தென்னிந்திய ஆங்கிலேயருக்குச் சில வருஷம் இதுதான் தலைமையிடம். 1758-ல் பிரெஞ்சுக்காரர் வந்து இதையும் பிடித்து இடித்துப் போட்டார்கள்.

முதுவுக்கு இப்போது ஊர் வரலாறுதான் பொழுதுபோக்கு. "ஸ்வீடன்காரன் ஒருத்தன் இங்க இருந்தான் தெரியுமா?" என்றான். ஜான் சகரியா கீர்நாண்டர் என்ற பாதிரியார். 1740-ல் கடலூருக்கு வந்து பதினெட்டு வருஷம் இருந்தார். பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்ததும் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே தேவாலயம் கட்டி, வங்காளத்திலேயே வாழ்ந்து முடித்தார். "பதினெட்டு வருஷம் இருந்த ஊரை ஒரு நாளாவது நினைச்சிருப்பாரா?" என்று முது கேட்டான். யாரைப் பார்த்துக் கேட்டான் என்று புரிந்துகொள்ளாததுபோல் நான் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் பழமும் துறைமுகம் சந்திப்பில் ரயில் ஏறினோம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை. அப்புறம் வெள்ளாற்றுப் பாலம். உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் யாரும் பேசவில்லை. இந்தப் பாலம் வந்தால் கிள்ளை எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

ஸ்டேஷனில் அவன் மகன் நின்றிருந்தான். நடை அப்படியே அப்பன் நடை. பழத்தை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டான். வீட்டு வாசலில் அவன் அம்மா. நான் சொல்லி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "வாங்கண்ணே, வெயில்ல வந்திருக்கீங்க" என்று மோர் கொடுத்தார்.

பழத்தை மகன்தான் அறுத்தான். கத்திக்கும் கைக்கும் எண்ணெய் தடவி, நடுத்தண்டை நீக்கி, சுளை சுளையாக எடுத்தான். முதல் தட்டு போட்டோவுக்கு முன்னால் போனது. போட்டோவில் கிள்ளை, பள்ளிக்கூடப் பையன்போல் விறைப்பாக நின்றான். அவனிடம் நாங்கள் யாருமே பார்க்காத விறைப்பு அது. முதுவால் தாங்க முடியவில்லை. வெளியே போய்விட்டான்.

வெயில் தாழ்ந்ததும் மகன், "காட்டுக்குள்ள போயிட்டு வரலாமா சித்தப்பா?" என்று கேட்டான். பிச்சாவரத்தைச் சினிமாவில் பார்த்திருப்பீர்கள். 1975-ல் வந்த 'இதயக்கனி'யிலேயே அந்தக் காடு இருக்கிறது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிடம் முகத்துவாரத்துக்கும் நடுவில், ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்த அலையாத்திக் காடு. 2022-ல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மோட்டார் படகு அகலமான கால்வாயோடு நின்றுவிடும். காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் துடுப்புப் படகில்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்கள் வளைந்து வளைந்து வேர்களைத் தண்ணீருக்குள் ஊன்றியிருக்கும். கிளையில் முருங்கைக்காய்போல் தொங்குவது காய் மட்டும் இல்லை. விதை மரத்திலேயே முளைவிட்டு, நேராகச் சேற்றில் குத்தி நிற்கத் தயாராகத் தொங்குகிறது. இன்னொரு வகையான கண்டல் மரத்தைச் சுற்றி, பென்சில் நட்டதுபோல் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து எட்டிப் பார்க்கும்.

இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட, ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் வேண்டுமே!

ஓர் இடத்தில் பையன் துடுப்பை நிறுத்தினான். "இது அப்பா வெட்டின வாய்க்கால்."

எனக்குத் தெரியாத கதை. வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கி 1970-கள் வரை இந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன சேறு வெயிலில் வற்றி, நடுவில் கிண்ணம்போல் இறங்கிவிட்டது. அலை ஏறும்போது உள்ளே வந்த உப்புத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அங்கேயே காய்ந்தது. உப்பு ஏறிய மண்ணில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரு பக்கமும் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். அலை ஏறும்போது தண்ணீர் உள்ளே வந்து, இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். அதன் பிறகு கன்று நட்டார்கள். மண் வெட்டவும் கன்று நடவும் போனவர்களில், பட்டம் வாங்கிவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த எங்கள் கிள்ளையும் ஒருவன்.

அந்த நாளில் எனக்குக் கடிதம் எழுதியிருந்தான். 'சேற்றில் வேலை' என்று ஒரு வரி. பாவம், படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை என்று நான் வருத்தப்பட்டது நினைவிருக்கிறது.

2004 டிசம்பர் 26 காலை, கடலோரத்து மணல் மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது. ஆனால், காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலையின் வேகத்தை மரங்கள் உடைத்துவிட்டன. "அப்பா அன்னிக்கு மரத்தை எண்ணிக்கிட்டு நின்னாராம்" என்றான் பையன். பண்ருட்டி கையை நீட்டி ஒரு சுரபுன்னை வேரைப் பிடித்துக்கொண்டான். படகு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

கிளம்பும்போது ஒரு சங்கடம். துக்கம் கேட்டு வந்த வீட்டில் 'போய்ட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பேசாமல் செருப்பை மாட்டினேன். அந்தத் தங்கை கண்டுபிடித்துவிட்டார்.

"ஆறு மாசம் ஆச்சுண்ணே. இது இனிமே துக்க வீடு இல்ல. சொல்லிட்டே போங்க."

"போய்ட்டு வர்றேம்மா" என்றேன். மூன்று பேரும் தனித்தனியாகச் சொன்னோம்.

சிதம்பரத்தில் ராத்திரி ரயிலுக்கு நேரம் இருந்தது. ரயில் பாதைக்கு மேற்கே கோயில், கிழக்கே பல்கலைக்கழகம். முதலில் கிழக்கே போனோம். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்விட்ட மாணவர் ராஜேந்திரன் சிலை அப்படியே நின்றது. எத்தனை தடவை, "சிலைகிட்ட நில்லு, வந்துடறேன்" என்று சொல்லியிருக்கிறோம்! விடுதியை வெளியிலிருந்தே பார்த்தோம். எங்கள் ஜன்னலில் யாரோ பையன் ஈரத் துண்டு காயப்போட்டிருந்தான். பிறகு கீழவீதியில் இட்லி, கொத்சு. கத்தரிக்காயை நல்லெண்ணெயில் வதக்கி, புளி விட்டு, மல்லியும் மிளகாயும் வறுத்துப் பொடித்துப் போட்ட சிதம்பரம் கொத்சுக்கு வேறு ஊரில் ஈடு கிடையாது. இது என் தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை. கோயிலில் அர்த்தஜாமத்துக்கு மணி அடித்தது. உள்ளே போக நேரமில்லை. கிழக்குக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டோம்.

ரயில் நகரும்போது பண்ருட்டி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரெண்டடி நடந்தான். "அடுத்த ஆனிக்கு டிக்கெட் போட்டுட்டு போன் பண்ணு. போட்டுட்டு" என்று அழுத்திச் சொன்னான்.

ஏ.சி. பெட்டிக்குள் வந்து, படுக்கையை விரித்து, விளக்கை அணைத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. கீழ் பெர்த்தில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். மூக்கை உறிஞ்சினார். விளக்கைப் போட்டார்.

"யார் பையில சார் கருவாடு?"

கிளம்பும்போது அந்தத் தங்கை என் பையில் ஒரு பொட்டலம் வைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என் பையிலதாங்க" என்றேன். "கிள்ளை இறால்."

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "கிள்ளையா? அங்க யாரு இருக்காங்க உங்களுக்கு?"

"ஃப்ரெண்டு வீடு" என்றேன்.